ஒரு வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் இலக்கியம், கல்வெட்டு, சமயம் என்று கற்றறிந்தவர்கள் எழுதி வருகிறார்கள். இம்முறை என்னையும் ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். ராபர்ட்சன்பேட்டையில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்தவன். கடையில் கூட்டம் ஓய்ந்த மதிய வேளைகளில் நன்னூலையும் அதன் உரைகளையும் படித்ததுதான் என் படிப்பு. ஆகவே பெரிய ஆராய்ச்சி எதையும் அன்பர்கள் எதிர்பார்க்க வேண்டாம். நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று நேரிடுகிற ஒரு சங்கடத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு நம் பழைய நூலில் என்ன வழி இருக்கிறது என்று மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

சங்கடம் இதுதான். நம் வீட்டுப் பெண்ணோ பையனோ படித்து முடித்து ஆசிரியர் வேலைக்குப் போகிறார்கள். போன இடத்தில் அதே வகுப்பை இன்னொரு மூத்த ஆசிரியரும் பார்க்கிறார். பிள்ளைகளோ அடங்காத பிள்ளைகள். இவர் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று சொல்ல, ஒரு மாதத்துக்குள் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. புதிதாய்ப் போனவர் என்ன செய்வது? விட்டு விலகுவதா, தலைமையாசிரியரிடம் புகார் கொடுப்பதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

இரண்டு பேர் எப்படிச் சேர்கிறார்கள்?

பழைய திண்ணைப் பள்ளியில் ஒரே வாத்தியார். துணைக்குச் சட்டாம்பிள்ளை என்று ஒரு மூத்த மாணவன் இருப்பான். அவன் வாத்தியாருக்கு அடங்கியவன் என்பதால் அங்கே அதிகாரச் சண்டைக்கு இடமில்லை. சம அந்தஸ்துள்ள இருவர் ஒரே பிள்ளைகளைப் பார்ப்பது நம் ஊர்ப்பக்கங்களில் பிற்கால ஏற்பாடு. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாவது ஆசிரியரைத் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 2 ஆசிரியர் என்றே கணக்குச் சொல்கிறது. வகுப்பு ஐந்து, ஆசிரியர் இருவர் என்றால் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைக்காமல் முடியாது.

கர்நாடகத்தில் 'நலி கலி' என்று ஒரு முறை உண்டு. ஆடிக்கொண்டே கற்றுக்கொள் என்பது பொருள். 1995இல் மைசூரு மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டையில் தொடங்கிய இம்முறையில் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் குழுக்களாக அமர்வார்கள். அமெரிக்காவிலோ, உடற்குறை மனக்குறை உள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்துப் படிக்கவைக்கும்போது, பாட ஆசிரியரும் சிறப்பாசிரியரும் ஒரே வகுப்பில் நிற்கும் வழக்கம் பரவியது. லின் குக், மரிலின் ஃபிரெண்ட் என்ற இருவர் இதை ஆராய்ந்து முறைப்படுத்தினார்கள். ஒருவர் நடத்த மற்றவர் கவனித்துக் குறிப்பெடுத்தல், ஒருவர் நடத்த மற்றவர் சுற்றிவந்து உதவுதல், வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரே பாடத்தை இருவரும் நடத்துதல், குழுக்கள் ஆசிரியர் மாறி மாறிச் செல்லுதல், பின்தங்கிய சிலரை ஒருவர் தனியே கவனித்தல், இருவரும் சேர்ந்தே பாடம் சொல்லுதல் என ஆறு வகை அவர்கள் சொன்னவை. இந்த ஆறில் இன்றைக்கு எது என்று இருவரும் முன்கூட்டிப் பேசாமல் வகுப்புக்குள் நுழைவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

தங்கவயலில் நடந்தது

2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு எங்கள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூறு ஆண்டுக்கு மேல் ஓடிய தொழில் நின்றது. சுரங்கத்தை நம்பியிருந்த குடும்பங்களில் பலர் விடியற்கால ரயில் ஏறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய், ராத்திரி திரும்புகிறவர்கள் ஆனார்கள். லைன் வீடுகளில் பகல் முழுக்கப் பிள்ளைகள் தனியாக. பள்ளிக்கூடங்களில் அதன் விளைவு தெரிந்தது.

2003 ஜூனில் என் தங்கை மகள் இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தாள். கன்னட வழிப் பள்ளி. ஓர் அறையின் கூரை ஒழுகியதால் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில். பிள்ளைகள் 52 பேர். வீட்டில் பெரும்பாலும் தமிழ், சிலருக்குத் தெலுங்கு. உடன் இருந்தவர் கன்னடத்துக்கார அம்மையார், இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சர்வீஸ். பிள்ளைகள் அவரைப் 'பெரிய மிஸ்' என்பார்கள், இவளைச் 'சின்ன மிஸ்' என்பார்கள்.

சின்ன மிஸ் பெஞ்சை விலக்கிப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தால், பெரிய மிஸ் வந்து வரிசையாக்குவார். இவள் பாடத்தைத் தமிழில் விளக்கினால், அவர் "கன்னடத்துல சொல்லும்மா" என்று பிள்ளைகள் எதிரிலேயே சொல்வார். தாமதமாக வருகிறவர்களை இவள் வெளியே நிற்கவைத்தால், அவர் ஒரு பையனை மட்டும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைப்பார். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சின்ன மிஸ் மறுத்ததற்குப் பெரிய மிஸ்ஸிடம் அனுமதி, பெரிய மிஸ் திட்டியதற்குச் சின்ன மிஸ்ஸிடம் ஆறுதல். அறை சந்தைக்கடை ஆயிற்று.

ஆகஸ்டு மாதம் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்தவள், "மாமா, நான் வேலைய விட்டுடறேன்" என்றாள். பக்கத்தில் சாமான் வாங்க வந்திருந்தவர், "அந்தம்மா கன்னடக்காரங்க, நம்ம புள்ளைய எப்படி விடுவாங்க?" என்றார். 1982 கோகாக் கிளர்ச்சியையும் 1991 காவிரிக் கலவரத்தையும் பார்த்த எங்கள் தலைமுறைக்கு எல்லாச் சண்டையும் மொழிச் சண்டையாகவே முதலில் தோன்றும். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு என்று பிற்பாடு தெரிந்தது.

கங்கர் நாட்டில் ஓர் ஆசிரியர் இலக்கணம்

இவ்விடத்தில் நன்னூலுக்கு வருகிறேன். அதற்கும் எங்கள் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. கோலாரின் பழம்பெயர் குவளாலம். கங்க மன்னர்கள் முதலில் அதைத் தலைநகராகக் கொண்டு பின்னர் தலக்காட்டுக்கு மாறினார்கள். அரசு போன பின்பும் அந்தக் குலத்தார் குவளாலபுரத்துக்கு உரியவர் என்ற விருதை விடவில்லை. அந்தக் கங்கர் குலத்தில் வந்து, மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் சிற்றரசனாக இருந்தவன் அமராபரணன் என்னும் சீயகங்கன். அவன் கேட்டுக்கொண்டபடி பவணந்தி முனிவர் என்ற சைன முனிவர் இயற்றியது நன்னூல். எழுத்தும் சொல்லும் சொல்லப் புகுந்த அவர், முதலில் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் யார், மாணவர் யார், எப்படிக் கற்பிப்பது, எப்படிக் கற்பது என்று வகுத்துவிட்டே உள்ளே போகிறார்.

நல்லாசிரியருக்கு அவர் சொல்லும் உவமைகள் நான்கு: நிலம், மலை, துலாக்கோல், மலர். ஆகாத ஆசிரியருக்கும் நான்கு: கழற்காய் இட்ட குடம், மடல் நிறைந்த பனை, பஞ்சு அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை. கழற்காய்க் குடம் போட்ட வரிசையில் தராமல் தாறுமாறாகக் கொட்டும். மடற்பனை தானாக விழவிட்டால்தான் பழம், ஏறிப் பறிக்க விடாது. பஞ்சுக் குண்டிகை அடைக்கவும் வருத்தும், எடுக்கவும் வருத்தும். முடத்தெங்கு ஒருவர் தண்ணீர் ஊற்ற இன்னொருவர் தோட்டத்தில் காயைப் போடும்.

இரண்டு ஆசிரியர் ஒரு வகுப்பில் நிற்கும்போது இந்த உவமைகளை எண்ணிப்பாருங்கள். மூத்தவர் பெரும்பாலும் மடற்பனையாகத் தோன்றுவார். பிள்ளைகளைப் பற்றி எவ்வளவோ தெரிந்திருந்தும் தாமாகச் சொல்லமாட்டார். புதியவர் பெரும்பாலும் கழற்குடம். பயிற்சிப் பள்ளியில் கற்றதையெல்லாம் ஒரே மாதத்தில் கொட்டிவிடுவார். முடத்தெங்கு பயமோ இருவருக்கும் உண்டு: நாம் உழைக்கிறோம், பெயர் அவருக்குப் போகிறதே என்று.

எழும்பூரில் ஒரு தகராறு

புதிதாக வந்தவருக்கும் பழைய ஆசிரியர்களுக்கும் நேர்ந்த சண்டை ஒன்று உலகக் கல்வி வரலாற்றிலேயே இடம்பெற்றிருக்கிறது. நடந்த இடம் நம் சென்னை எழும்பூர். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னை வந்தவர். 1789இல் படைவீரர்களின் அநாதைப் பையன்களுக்காக அங்கே ஏற்பட்ட விடுதிப் பள்ளிக்கு மேற்பார்வையாளர் ஆனார். பிள்ளைகள் கட்டுக்கு அடங்கவில்லை, படிப்பும் ஏறவில்லை. ஒரு நாள் நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளி ஆசிரியரிடம் அப்படியே செய்யச் சொன்னார். அவருக்கு அதில் இஷ்டமில்லை, நடக்காது என்றார். பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த அரிச்சுவடி வகுப்பைக் கொடுத்தார். பையன் செய்துகாட்டினான். பிறகு கீழ்வகுப்புகளையெல்லாம் பையன்களே நடத்தலானார்கள்.

1796இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டு இதை நூலாக வெளியிட்டார். அதுவே 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போனார் என்று சொல்லலாம். ஆனால் பவணந்தியார் இதன் அடிப்படையை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொல்வதை முழுதாகக் கேட்டாலும் கல்வியில் கால் பங்குதான் கைகூடும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறர்க்கு எடுத்துரைப்பதில் எஞ்சிய அரை என்பது அவர் கணக்கு.

பெல்லின் முறை வென்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பழைய ஆசிரியரை இணங்கவைக்கவில்லை, விலக்கிவைத்தார். மேற்பார்வையாளர் என்ற பதவி அவர் கையில் இருந்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கு அது கிடையாது. அதைவிடவும் ஒன்று. அதே பெல்லுக்கும், லண்டனில் ஏறக்குறைய அதே முறையில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டருக்கும் பின்னாளில் பெரும் பூசல் மூண்டது. முறையை முதலில் கண்டது யார், பள்ளியில் எந்தச் சமயப் போதனை என்று இரண்டு கட்சியாயிற்று. இவருக்கு ஒரு சங்கம், அவருக்கு ஒரு சங்கம் என்று ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளே இரண்டாகப் பிரிந்தன. கற்பிக்கும் முறையில் ஒத்துப்போனவர்களே, பெருமை யாருக்கு என்பதில் பிரிந்தார்கள்.

ஏழு மதம்

நூல் எழுதுகிறவன் பிறர் கருத்தை எப்படி எதிர்கொள்ளலாம் என்று நன்னூல் ஏழு நிலைகளைச் சொல்கிறது. இவற்றை எழுவகை மதம் என்பர். மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் சொல்வதற்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தான் ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டுச் சொன்னால் அவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலில் குற்றம் காட்டுதல், பிறரோடு சேராமல் தன் கொள்கையையே கொள்ளுதல். இது நூலாசிரியனுக்குச் சொன்னதுதான். ஆனால் வகுப்பில் நிற்கும் இருவருக்கும் அப்படியே பொருந்தும்.

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் மறுத்தல், குற்றம் காட்டுதல் இந்த இரண்டையே கையில் எடுப்பார்கள். பவணந்தியாரோ உடன்படுவதை முதலில் வைத்தார். மூன்றாவது நிலை இன்னும் நயமானது. மற்றவர் முறையை முதலில் தானே செய்துபார்த்து, அதில் ஆகாததை அப்புறம் விடுவது. செய்துபார்க்காமல் 'இது பழைய முறை' என்று தள்ளுகிறவர் பேச்சுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்?

சைனர்களாகிய எங்களுக்கு அநேகாந்தம் என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு. எவர் கூற்றும் அவர் நின்ற பக்கத்திலிருந்து மெய். அதையே முழு மெய் என்று சாதிக்கும்போது அது பிழை. எங்கள் வகுப்பறைச் சண்டை இந்த உண்மையைத்தான் எனக்குக் காட்டியது.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிவரப்பட்டானே, அந்தப் பையன் திடீரென்று நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் பெரிய மிஸ் என் மருமகளிடம், "வா, போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றாராம். நல்ல தமிழிலேயே சொன்னாராம். லைன் வீடு ஒன்றுக்கு இருவரும் நடந்துபோனார்கள். தகப்பன் விடியற்கால ரயிலில் பெங்களூர் போய்விடுவார். தாய்க்கு உடம்பு முடியவில்லை. கைக்குழந்தைத் தங்கையைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் இவன் பள்ளிக்கு வரவேண்டும். தினம் கால் மணி தாமதம். பெரிய மிஸ்ஸுக்கு இது ஒரு வருடமாகத் தெரியும். வகுப்பில் சொன்னால் பையனுக்கு அவமானம் என்று வாய் திறக்கவில்லை. அந்த வாரம் அவர் ஒரு நாள் லீவு. அன்றைக்குச் சின்ன மிஸ் அவனை முதல் மணி முழுக்க வெளியே நிற்கவைத்திருக்கிறாள். அதோடு நின்றுவிட்டான்.

அன்று கடைக்கு வந்தவள் அழவில்லை. "தப்பு என் மேலதான் மாமா" என்றாள். நான் சொன்னேன்: "பாதி உன் மேல. ஒரு வருஷமாத் தெரிஞ்சதை உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாதது அவங்க பாதி. பையன்தான் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான்."

தமிழா கன்னடமா என்ற சண்டையும் அப்படியே. புரியாத மொழியில் கணக்குச் சொன்னால் பிள்ளைக்கு எப்படி விளங்கும் என்பது இவள் பக்கம். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1956இல் அரசியல் சட்டத்திலேயே 350-அ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் சேர்ந்திருப்பது கன்னட வழியில். பரீட்சையும் நாளைய வேலையும் கன்னடத்தில், நான் தமிழிலேயே விட்டுவிட்டால் இவர்கள் கதி என்ன என்பது அவர் பக்கம். இரண்டுமே பிள்ளையின் நன்மைக்குத்தான். மொழிப்பகை என்று நாங்கள் கடையில் உட்கார்ந்து முடிவுகட்டியது வீண்பழி.

புதிய ஆசிரியர் செய்யத்தக்கவை

அதன்பின் அவர்கள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடுகளையும், என் வியாபார அனுபவத்தில் நான் சொன்னவற்றையும் சேர்த்துத் தருகிறேன்.

முதலாவது, கடைக்கு ஒரே விலை. நானும் என் மைத்துனரும் சில காலம் கூட்டாகக் கடை நடத்தினோம். வாடிக்கைக்காரர்கள் என்னிடம் பருப்பு விலை கேட்டுவிட்டு, நான் நகர்ந்ததும் அவரிடம் கேட்பார்கள். எட்டணா குறைந்தால் அங்கே வாங்குவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, இரண்டு விலை வைத்த எங்கள் மேல்தான் குற்றம். ராத்திரி கடை அடைத்ததும் மறுநாள் விலையை இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யத் தொடங்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. வகுப்பிலும் அவ்வாறே. தாமதம், வெளியே போக அனுமதி, சத்தம் இந்த மூன்றுக்கும் ஒரே விதி போதும். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில். அடங்காத வகுப்பு பாதி அடங்கிவிடும். விதிவிலக்கு ஒரு பிள்ளைக்கு வேண்டுமானால் அதையும் இருவரும் தெரிந்து கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, வேலையைப் பிரித்து எழுதிக்கொள்வது. வாய்ப்பேச்சுக் கூட்டு வியாபாரம் வழக்கில் முடியும். ஒரு நோட்டில் இன்று கணக்கை யார் நடத்துவது, அப்போது மற்றவர் எந்தப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காருவது என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். முன்னே சொன்ன ஆறு வகையில் எளிதானது, ஒருவர் நடத்த மற்றவர் சுற்றிவந்து உதவுவது. ஆனால் தினமும் ஒருவரே நடத்தினால் மற்றவர் எடுபிடி ஆகிவிடுவார். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். எங்கள் பள்ளியில் கன்னடப் பாட்டும் வாசிப்பும் பெரிய மிஸ், கணக்கு சின்ன மிஸ் என்று ஆயிற்று. புதுச் சொல் வந்தால் முதலில் தமிழில் விளக்கிவிட்டு, அடுத்து கன்னடத்தில் மூன்று முறை சொல்லவைப்பது என்று சமாதானம்.

மூன்றாவது, பிள்ளைகள் எதிரில் திருத்தாமை. தராசின் முள்ளை வாங்குகிறவன் எதிரில் தட்டிப்பார்த்தால், எடை சரியாக இருந்தாலும் அவனுக்கு நம்பிக்கை போய்விடும். மற்றவர் பாடத்தில் பிழையே சொன்னாலும் அன்று மாலை தனியே சொல்லலாம். மறுநாள் அவரே திருத்திக்கொள்வார்.

நான்காவது, சைகை. சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே வைண்டிங் எஞ்சின் ஓட்டுகிறவருக்குக் குழிக்குள் இருக்கும் கூண்டு கண்ணுக்குத் தெரியாது. கீழேயிருந்து வரும் மணி எத்தனை என்று கேட்டே இறக்குவார், ஏற்றுவார், நிறுத்துவார். இன்ன மணிக்கு இன்ன பொருள் என்று முன்பே ஏற்பட்டிருந்ததால்தான் அத்தனை உயிர்கள் தினம் போய்வந்தன. வகுப்பிலும் 'இங்கே வாருங்கள்', 'இதை விட்டுவிடுங்கள்', 'அப்புறம் பேசுவோம்' என்பவற்றுக்குக் கண்ணாலோ கையாலோ சைகை வைத்துக்கொள்ளலாம். வார்த்தை தடிக்காது.

ஐந்தாவது, முதலில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பது. மாணவர் கொள்ளும் வகை அறிந்து ஆசிரியர் கொடுக்க வேண்டும் என்கிறார் பவணந்தியார். அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று மாணவரைத் தரம் பிரித்தும் காட்டுகிறார். வந்த முதல் மாதத்தில் இன்ன பிள்ளை இன்ன தன்மை என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? மூத்தவருக்குத் தெரியும். மடற்பனையின் அடியில் போய் நின்று கேட்க வேண்டும். "இந்தப் பையன் ஏன் இப்படி இருக்கான், நீங்க சொன்னாத் தேவலை" என்று கேட்டுப்பாருங்கள். கேட்பதால் நமக்குக் குறைவில்லை, அவருக்கோ மனம் இளகும்.

ஆறாவது, புது முறையைத் தவணை சொல்லிக் கேட்பது. புதுச் சரக்கு கொண்டுவருகிற ஏஜெண்டு, "பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள், போகாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்பார். நான் மறுக்கமாட்டேன். "இனிமேல் எப்போதும் வட்டமாகத்தான் உட்கார வேண்டும்" என்றால் யாரும் எதிர்ப்பார்கள். "கணக்கு வகுப்புக்கு மட்டும் இரண்டு வாரம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் விட்டுவிடுவோம்" என்றால் வழி திறக்கும். சொன்னபடி விடவும் மனம் வேண்டும்.

இவ்வளவும் செய்து தீராவிட்டால் தலைமையாசிரியரிடம் போகலாம். அப்போதும் இருவரும் சேர்ந்து, "எங்களுக்குள் இன்ன விஷயத்தில் கருத்து வேறுபாடு, ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்பது நலம். ஏழு மதத்தில் 'இருவர் மாறுபட்டால் ஒன்றைத் துணிதல்' என்பது அந்த மூன்றாமவர் வேலை.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடம்

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையை அடிப்பது, சாதியையோ மொழியையோ வறுமையையோ சொல்லி மனம் நோகப் பேசுவது, இவை கருத்து வேறுபாடு ஆகா. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வேதனை கொடுப்பதையும் தடை செய்கிறது. அங்கே அநேகாந்தம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. மூத்தவர் என்ற மரியாதையோடேயே தடுக்க வேண்டும், நிற்காவிட்டால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நாலாம் வகுப்புப் பையனை ஒரு மணி நேரம் வெளியே நிறுத்தியதும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்று என் மருமகள் இன்றும் சொல்லி வருந்துவாள்.

அந்தப் பையன் மறுவாரமே வந்துவிட்டான். தாமதமாக வந்தாலும் பின்வாசல் வழியாக வந்து உட்காரலாம் என்று இருவரும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பெரிய மிஸ்ஸும் சின்ன மிஸ்ஸும் அதன் பிறகு அத்தியந்த சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். சின்னச் சின்ன மனத்தாங்கல் கடைசிவரை இருந்தது. ஆனால் அந்த அறைக்குள் அது வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று, பிள்ளைகளின் குடும்ப விவரங்கள் எழுதிய தம் பழைய நோட்டை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

என் மருமகளுக்கு இப்போது இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் ஆயிற்று. சென்ற ஆண்டு ஒரு நாள் போன் செய்தாள். குரலில் கோபம். "மாமா, புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. என்னை ஒரு வார்த்தை கேக்காம பெஞ்சை எல்லாம் மாத்திப் போட்டுட்டா."

"அந்த நோட்டை அவகிட்டக் காட்டினியா கண்ணு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்துவிட்டு, "நாளைக்குக் காட்டறேன்" என்றாள்.